மிளகாய்ப் பொடி போதும் என்கிறவர்களுக்கு

இரவுப்பணி:
நேற்று இன்னொரு திரியில் கம்பு வாத்தியார் எழுதியதை அப்படியே ஒட்டுகிறேன். “தற்காப்புக்குத் துப்பாக்கி உரிமம் நமக்குக் கிடைக்கப்போவதில்லை. அதற்காக 400 ரூபாய் கொடுத்து பெப்பர் ஸ்பிரே வாங்குவது விளம்பரத்துக்கு மயங்குகிற வேலை. ஒரு கைப்பிடி மிளகாய்ப் பொடியைக் காகிதத்தில் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டால் போதும். இரண்டும் ஒரே மிளகாய்தான்.”

இதற்கு அறுபது பேர் விருப்பம் போட்டிருக்கிறார்கள். பாதிப் பேர் பெண்கள். அதனால்தான் தனித் திரி தொடங்குகிறேன்.

நான் செவிலியர். மூன்று மாதம் முன்பு பின்னிரவில் ஒரு அம்மா வந்தார். குடித்துவிட்டு வந்த கணவன் அடிக்க, அடுப்படியில் இருந்த மிளகாய்ப் பொடியை அள்ளி வீசியிருக்கிறார். பாதி அவன் சட்டையில் விழுந்தது. மீதி அவர் கண்ணிலும், இடுப்பில் இருந்த ஒன்றரை வயதுக் குழந்தையின் கண்ணிலும். அந்தக் குழந்தையின் இமையை விரித்துப் பிடித்துச் சலைன் விட்டு அலசியது நான்தான். அவன் கண் சிவக்கக்கூட இல்லை. வெளியே நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தான்.

ஒரே மிளகாய்தான், சரி. ஆனால் பொடி என்பது தோலும் விதையும் சேர்த்து அரைத்தது. ஸ்பிரேயில் இருப்பது மிளகாயிலிருந்து பிரித்தெடுத்த எண்ணெய்ப் பசை, ஓலியோரெசின் என்பார்கள். அது கண்ணில் பட்டால் இமை தானாக மூடிக்கொள்ளும், திறக்க நினைத்தாலும் முடியாது. அரை மணி, முக்கால் மணி நேரம் ஆள் திணறுவான். பொடி கண்ணுக்குள் போனால்தான் எரியும், அதுவும் கண் திறந்திருந்தால். இரண்டும் ஒன்று என்று எழுதுவதை நிறுத்துங்கள்.

கம்பு வாத்தியார்:
அம்மா, வணக்கம். நான் 26 வருடமாகச் சிலம்பம் சொல்லிக்கொடுக்கிறேன். என்னிடம் படித்த பிள்ளைகள் மாவட்டப் போட்டிக்குப் போயிருக்கிறார்கள். தற்காப்பு என்றால் என்ன என்று எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

ஒரே ஒரு கேள்வி. நீங்கள் ஸ்பிரே அடிக்கிற நேரத்தில் காற்று உங்களைப் பார்த்து அடித்தால் என்ன ஆகும்? அந்த எண்ணெய்ப் பசை யார் கண்ணில் போகும்? இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

29சி:
இருவரும் பெரிய சண்டையைப் பற்றிப் பேசுகிறீர்கள். எனக்குத் தினமும் நடப்பதைச் சொல்கிறேன். காலை எட்டரை மணிப் பேருந்தில் பின்னால் உரசுகிறவனுக்கு ஸ்பிரேயும் அடிக்க முடியாது, பொடியும் தூவ முடியாது. நாற்பது பேர் நிற்கிற பேருந்து அது. என் அம்மா வேலைக்குப் போன காலத்திலிருந்து எங்கள் வீட்டில் ஒரே ஆயுதம் ஊக்கு. புடவைத் தலைப்பில் ஒன்று, பைப் பட்டையில் ஒன்று. திரும்பிப் பார்க்கக்கூட வேண்டாம். கையை இறக்கி ஒரு குத்து. அவனால் கத்தவும் முடியாது, கத்தினால் ஏன் என்று நான்கு பேர் கேட்பார்கள். அஞ்சு ரூபாய் அட்டையில் ஒரு டஜன் வரும்.

இரவுப்பணி:
29சி, ஊக்கை நான் மறுக்கவில்லை. அது பேருந்துக்குச் சரி. நான் சொல்வது இருட்டில் தனியாக நடக்கும்போது.

வாத்தியார் ஐயா, காற்றுக்கு வருகிறேன். ஸ்பிரேயில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று புகைபோலப் பரவுவது. இன்னொன்று தண்ணீர்த் துப்பாக்கிபோல ஒரே தாரையாகப் பீய்ச்சுவது. காற்றுக்கு முதல் வகைதான் எளிதில் திரும்பும். தாரை வகை எட்டு, பத்து அடி வரை நேராகப் போகும். வாங்கும்போதே அட்டையில் பார்த்து வாங்க வேண்டும். நான் இரண்டு டப்பா வாங்கி, ஒன்றை மொட்டைமாடியில் அடித்துத் தீர்த்தேன். பழகாமல் வைத்திருப்பதில் பயனில்லை. அப்புறம், அதில் காலாவதித் தேதி உண்டு. இரண்டு மூன்று வருடத்தில் உள்ளே இருக்கும் அழுத்தம் இறங்கிவிடும், பிறகு அழுத்தினால் சொட்டும்.

கம்பு வாத்தியார்:
மொட்டைமாடியில் எந்த மாதம் அடித்தீர்கள்? மார்கழியிலா? ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும். உங்கள் தாரை எம்மாத்திரம்?

பழைய ஏட்டு:
34 வருடப் போலீஸ் சர்வீஸில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். மிளகாய்ப் பொடியை இந்த ஊரில் அதிகம் பயன்படுத்துவது பெண்கள் இல்லை, திருடர்கள். வட்டிக்கடைக்காரர் கண்ணில் தூவிவிட்டுப் பையைப் பிடுங்குவது, வீடு புகுந்து திருடிவிட்டு மோப்ப நாய் வராமல் இருக்க வாசல்வரை தூவிவிட்டுப் போவது. இரவு இரண்டு மணிக்கு வாகனச் சோதனையில் ஒருவன் இடுப்பில் மிளகாய்ப் பொடிப் பொட்டலம் இருந்தால் எங்கள் ஆட்கள் முதலில் என்ன நினைப்பார்கள் என்று யோசியுங்கள். வாத்தியார் ஆண்களுக்கும் சேர்த்துத்தானே இந்த யோசனை சொன்னார்?

துப்பாக்கி பற்றியும் ஒரு வார்த்தை. 2014-இல் கான்பூர் ஆயுதத் தொழிற்சாலை பெண்களுக்கென்றே ‘நிர்பீக்’ என்று ஒரு ரிவால்வர் கொண்டுவந்தது. அரைக் கிலோ எடை, அப்போது விலை சுமார் 1.22 லட்சம் ரூபாய். உரிமம் தனியாக வாங்க வேண்டும். யாருக்கு உதவும் அது? ஆகவே கையில் எதை வைத்துக்கொள்வது என்கிற இந்தப் பேச்சு தேவைதான். ஆனால் ஒழுங்காகப் பேசுங்கள்.

மேலூர் வக்கீல்:
ஏட்டையா உண்மையை வாயால் சொல்லிவிட்டார். நான் நடத்திய ‘கொள்ளைக்குத் தயாரிப்பு’ வழக்குகளில், அதாவது பழைய இந்திய தண்டனைச் சட்டம் (இபிகோ) 399, ஒன்றில்கூட மிளகாய்ப் பொடிப் பொட்டலம் இல்லாமல் இருந்ததில்லை. ஐந்து பேர், முள்புதர், அரிவாள், கயிறு, மிளகாய்ப் பொடி. எல்லா முதல் தகவல் அறிக்கையும் ஒரே அச்சு. அந்தப் பொடி எந்தக் கடையில் வாங்கியது என்று குறுக்கு விசாரணையில் கேட்டால் பதில் வராது.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். பெப்பர் ஸ்பிரே வைத்துக்கொள்ள இந்தியாவில் உரிமம் தேவையில்லை. தற்காப்பு உரிமை 2024 ஜூலை 1 முதல், இபிகோவுக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் இருக்கிறது. இன்னும் இபிகோ 100 என்று எழுதிக்கொண்டிருக்காதீர்கள். அது இப்போது 38. எந்தெந்த நிலையில் எதிராளியின் உயிர் போனாலும் குற்றமாகாது என்று சொல்வது அந்தப் பிரிவு. அமில வீச்சு 2013 திருத்தத்தில் அதில் சேர்ந்தது.

பலர் மறப்பது 37-உம் 40-உம். தேவைக்கு மேல் காயம் செய்யக் கூடாது. ஆபத்தின் அச்சம் இருக்கும்வரைதான் உரிமையும் இருக்கும். அவன் திரும்பி ஓட ஆரம்பித்த பிறகு துரத்திப் போய் அடித்தால் நீங்கள்தான் குற்றவாளி. ஸ்பிரேக்கும் இதுதான், கம்புக்கும் இதுதான், ஊக்குக்கும் இதுதான்.

பழைய ஏட்டு:
வக்கீல் சார், பதினைந்து நாள் கழித்துப் பிணை வாங்கிக் கொடுத்த கட்சிக்காரர்களே மறுபடி அதே பொட்டலத்தோடு மாட்டியதை நானும் பார்த்திருக்கிறேன். போன வருடம் ஹெல்மெட் திரியிலும் இப்படித்தான் போலீஸ் மேல் பாய்ந்தீர்கள். மறக்கவில்லை.

மேலூர் வக்கீல்:
ஹெல்மெட் திரியில் நான் கேட்டது ரசீது. இன்னும் பதில் வரவில்லை.

கம்பு வாத்தியார்:
சட்டம் எல்லாம் நடக்கட்டும். என் கேள்வி காற்று. ஸ்பிரே ஆதரவாளர்கள் யாரும் அதைத் தொடவில்லை.

நான் மிளகாய்ப் பொடியைச் சொன்னதே ஏழைப் பெண்களுக்காக. கீரை விற்கப் போகிறவர், நூறு நாள் வேலைக்குப் போகிறவர் 400 ரூபாய்க்கு எங்கே போவார்? உண்மையில் என்னைக் கேட்டால் கம்புதான். நெற்றி உயரத்துக்கு ஒரு மூங்கில் கம்பு கையில் இருந்தால் நான்கு பேர் கிட்ட வர மாட்டார்கள். கம்பு காற்றைக் கேட்காது, காலாவதியும் ஆகாது.

29சி:
நெற்றி உயரக் கம்போடு நான் 29சி பேருந்தில் எப்படி ஏறுவது?

கம்பு வாத்தியார்:
குடை கொண்டுபோங்கள். நீளக் குடை, மடக்குக் குடை இல்லை. குடையைப் பிடிக்கிற முறை தெரிந்தால் அதுவே அரைக் கம்பு. கழுத்துக்கு வருகிற கையின் மணிக்கட்டில் அடிக்க வேண்டும், தலையில் இல்லை. மூன்று மாதம் வந்து பழகினால் சொல்லித் தருகிறேன். கட்டணம் கிடையாது.

இரவுப்பணி:
இதை முதலிலேயே எழுதியிருக்கலாமே ஐயா! நீளக் குடையும் மணிக்கட்டு அடியும் நல்ல யோசனை. பொடி என்று எழுதி அறுபது பேரைத் தவறான வழியில் அனுப்பினீர்களே.

ஏழைப் பெண்களைப் பற்றி நீங்கள் மட்டும் கவலைப்படவில்லை. நான் அலசிய கண் அந்த ஏழைப் பெண்ணின் கண்தான். காகிதப் பொட்டலத்தை வேர்வையில் ஒரு நாள் இடுப்பில் வைத்துப் பாருங்கள். நான் வைத்துப் பார்த்தேன். சாயங்காலம் களிபோலக் கட்டியாகிவிட்டது, இடுப்பு முழுவதும் எரிச்சல். பிளாஸ்டிக் உறையில் வைத்தால் பல்லால் கடித்துத்தான் கிழிக்க வேண்டும். ஒரு கை அவன் பிடியில் இருக்கும்போது எப்படிக் கிழிப்பீர்கள்? கிழித்தாலும் கை நீளத்துக்குள் அவன் இருந்தால்தான் பொடி போய்ச் சேரும். அவ்வளவு அருகில் இருந்தால் உங்கள் மேலும் விழும்.

கம்பு வாத்தியார்:
ஸ்பிரே மட்டும் பையிலிருந்து தானாக வெளியே வந்து கையில் உட்காருமா?

இரவுப்பணி:
வராது. அது எனக்கே நடந்தது, அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

சில வருடம் முன்பு மதியப் பணி முடிந்து இரவு ஒன்பதரைக்கு ஜிஎஸ்டி சாலைப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்துகொண்டிருந்தேன். அரைக் கிலோமீட்டர், நடுவில் விளக்கு இல்லாத ஒரு மதிற்சுவர். பின்னால் வந்தவன் பையைப் பிடித்தான், அப்புறம் கையைப் பிடித்தான். என்னிடம் ஸ்பிரே இருந்தது. டிபன் பாக்ஸுக்கு அடியில், மடித்த சுவெட்டருக்கும் அடியில். கை உள்ளே போய்த் தேடிக்கொண்டே இருந்தது. வாயைத் திறந்து கத்தியதுதான் என்னைக் காப்பாற்றியது. எதிரே டீக்கடையிலிருந்து இரண்டு பேர் ஓடி வந்தார்கள். வீட்டுக்கு வந்து பையைக் கொட்டிப் பார்த்தபோது அந்தச் சிவப்பு டப்பா முதலில் உருண்டு வந்தது. அன்று இரவு முழுக்க அழுதேன்.

அன்றிலிருந்து அந்த மதிற்சுவர் வரும் முன்பே டப்பா கைக்குள் இருக்கும். கட்டைவிரல் பூட்டின் மேல். இன்னொரு கையில் ஒன்றும் இருக்காது, போன்கூட இல்லை. வீட்டுச் சாவியை விரல்களுக்கு நடுவில் பிடிக்கச் சொல்லி ஒரு படம் சுற்றுகிறதே, அதையும் செய்து பார்த்தேன். மெத்தையில் குத்தியதற்கே என் விரல்தான் கிழிந்தது.

கம்பு வாத்தியார்:
பார்த்தீர்களா? அம்மாவே ஒப்புக்கொண்டுவிட்டார்கள். ஸ்பிரே காப்பாற்றவில்லை, குரல் காப்பாற்றியது. இதைத்தான் நானும் சொல்கிறேன். ஸ்பிரே வீண்.

இரவுப்பணி:
நான் சொன்னது பையின் அடியில் இருந்த ஸ்பிரே வீண் என்று. அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டுப் படிப்பது உங்கள் வழக்கம். நிலவேம்புத் திரியிலும் இதையேதான் செய்தீர்கள். டெங்குவுக்குக் கசாயம் குடிக்கலாம், ஆனால் ரத்த அணு எண்ணிக்கையைப் பார்க்காமல் இருக்காதீர்கள் என்று எழுதினேன். ‘செவிலியரே கசாயம் போதும் என்கிறார்’ என்று பகிர்ந்தீர்கள். இன்றுவரை அதை நீக்கவில்லை.

கம்பு வாத்தியார்:
நிலவேம்பை இங்கே இழுக்க வேண்டாம். அந்தத் திரி முடிந்துவிட்டது. அதில் நான் சொன்னதுதான் சரி.

காற்று?

ஹாரோ வாசி:
லண்டனிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் சண்டை போடுகிற இரண்டுமே இங்கே என்னால் வைத்திருக்க முடியாது. பெப்பர் ஸ்பிரே 1968 துப்பாக்கிச் சட்டம் ஐந்தாம் பிரிவில் தடைசெய்யப்பட்ட ஆயுதம். துப்பாக்கியோடு ஒரே பட்டியலில். ஊரிலிருந்து வரும்போது என் அண்ணி மகளுக்கென்று ஒன்று வாங்கி வைத்திருந்தார். நல்லவேளை, கிளம்பும் முன்பே பெட்டியிலிருந்து எடுக்க வைத்தோம். விமானத்தில் கைப்பையிலும் கூடாது, சரக்குப் பெட்டியிலும் கூடாது.

கத்தி என்றால் மடக்கக்கூடியது, பூட்டிக்கொள்ளாதது, மூன்று அங்குலத்துக்கு மிகாதது மட்டும் காரணம் சொல்லாமல் வைத்திருக்கலாம். தற்காப்புக்காக என்று சொல்லிவிட்டால் அதுவே வினை. 1953 சட்டப்படி யாரையாவது காயப்படுத்தும் எண்ணத்தோடு வைத்திருக்கும் எந்தப் பொருளும் ஆயுதம்தான். மிளகாய்ப் பொடிப் பொட்டலமும் அதில் வரும். என் மகள் கொண்டுபோவது கூவுகிற அலாரம் ஒன்று. ஊசியை இழுத்தால் 130 டெசிபல்.

பழைய ஏட்டு:
லண்டனில் போலீஸ் ஐந்து நிமிடத்தில் வரும், அலாரம் சரி. இங்கே யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

ஹாரோ வாசி:
ஐந்து நிமிடமா! நீங்கள் ஒருமுறை இங்கே வந்து பாருங்கள் ஐயா. என் வண்டிக் கண்ணாடியை உடைத்ததற்குக் குற்ற எண் ஒன்று மின்னஞ்சலில் வந்தது, அத்தோடு சரி.

முண்டுமிளகாய்:
‘மிளகு ஸ்பிரே’ என்று எழுதுகிற நாளிதழ்களைப் பார்த்து எனக்கு வயிறு எரிகிறது. இங்கேயாவது அதை எழுதாததற்கு நன்றி. அதில் மிளகு ஒரு துளியும் இல்லை. மிளகின் காரம் பைப்பரின். மிளகாயின் காரம் கேப்சைசின். ஸ்பிரேயில் இருப்பது இரண்டாவது. ஆங்கிலத்தில் இரண்டையும் பெப்பர் என்கிறார்கள், நம்மவர்கள் கண்ணை மூடிக்கொண்டு மிளகு என்று மொழிபெயர்த்துவிட்டார்கள்.

கம்பு வாத்தியார்:
மிளகும் சேர்ப்பார்கள். எங்கள் தாத்தா காலத்தில் மிளகுப் பொடியும் மிளகாய்ப் பொடியும் சுண்ணாம்பும் கலந்து கண்ணுக்கு அடிப்பார்கள். சங்க காலத்திலிருந்து இருக்கிற முறை.

முண்டுமிளகாய்:
சங்க காலத்தில் மிளகாயா? அப்போது காரத்துக்குக் கறி, அதாவது மிளகுதான். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துக்கீசியர் வந்த பிறகுதான் 16-ஆம் நூற்றாண்டில் இங்கே வந்தது. இராமநாதபுரத்தில் நாங்கள் முண்டு மிளகாய் போடுகிறோம், 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்கள் தாத்தாவுக்குத் தாத்தா போட்டார் என்று பெருமைப்படுவேன். சங்க காலம் என்று பொய் சொல்ல மாட்டேன்.

இரவுப்பணி:
வாத்தியார் ஐயா, சுண்ணாம்பு என்று எழுதியதைத் தயவுசெய்து உடனே நீக்குங்கள். யாரும் அதைச் செய்துவிடாதீர்கள். மிளகாய் எரியும், பிறகு அடங்கும். சுண்ணாம்பு அரிக்கும் காரப் பொருள் (ஆல்கலி), கருவிழியை அரித்துக் குருடாக்கிவிடும். பான் பொட்டலச் சுண்ணாம்பு தெறித்த குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். அதை ஒருவன் கண்ணில் அடித்தால் வக்கீல் சார் சொன்ன ‘தேவைக்கு மேல்’ என்பதற்கு அதுதான் உதாரணம். அதுவும் காற்றில் திரும்பினால்?

கம்பு வாத்தியார்:
ஆக, காற்றில் திரும்பும் என்று ஒப்புக்கொள்கிறீர்கள்.

இரவுப்பணி:
சுண்ணாம்புத் தூள் திரும்பும்! மிளகாய்ப் பொடி திரும்பும்! இரண்டும் தூள்! தாரை அப்படித் திரும்பாது என்று இரண்டாம் முறை எழுதுகிறேன்.

கம்பு வாத்தியார்:
2014 பிப்ரவரி 13. தெலங்கானா மசோதா. மக்களவைக்குள் விஜயவாடா எம்பி ராஜகோபால் ஸ்பிரே அடித்தார். ஒருவர் அடித்தார், எத்தனை பேர் இருமினார்கள்? உறுப்பினர்களை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே காற்றே இல்லை, மூடிய மண்டபம். காற்றே இல்லாத இடத்தில் இந்தக் கதி என்றால் காற்று அடித்தால்?

மேலூர் வக்கீல்:
வாத்தியார் சார், அந்த உதாரணம் ஸ்பிரே வேலை செய்கிறது என்பதற்கல்லவா சாட்சி? ஒரு சிறிய டப்பா ஒரு சபையையே காலி செய்தது. அதே இடத்தில் ஒருவர் கைப்பிடி மிளகாய்ப் பொடியைத் தூவியிருந்தால் முன் வரிசையோடு முடிந்திருக்கும்.

இரவுப்பணி:
அது மூடிய இடம். அதனால்தான் பேருந்துக்குள், மின்தூக்கிக்குள், ஷேர் ஆட்டோவுக்குள் அடிக்காதீர்கள் என்று நானே சொல்வேன். அங்கே 29சி சொன்ன ஊக்குதான். பட்டுவிட்டால் கண்ணைத் தேய்க்காமல் நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள், கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழற்றுங்கள்.

29சி:
மூன்று பக்கம் கழித்து என் ஊக்கு ஞாபகம் வந்ததற்கு நன்றி.

செங்கை சுரேஷ்பாபு ரசிகன்:
அக்கா, இரவு நடக்கும்போது எனக்கு மனிதனைவிட நாய் பயம்தான் அதிகம். கறிக்கடை முக்கில் எட்டு நாய் இருக்கிறது. அதற்கு ஸ்பிரேயா பொடியா?

கம்பு வாத்தியார்:
கம்பு.

ஹாரோ வாசி:
அமெரிக்காவில் தபால்காரர்கள் நாய்க்கென்றே மிளகாய் ஸ்பிரே கொண்டுபோகிறார்கள் தம்பி. மனிதனுக்கு அடிப்பதைவிடக் காரம் குறைவானது.

கம்பு வாத்தியார்:
அமெரிக்காவில் ஆடி மாதம் கிடையாது.

இரவுப்பணி:
தம்பி, ஓடாதீர்கள். ஓடினால் துரத்தும். நின்று, கண்ணைப் பார்க்காமல், பையையோ குடையையோ முன்னால் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நகருங்கள். கடித்துவிட்டால் இதைத்தான் முதலில் செய்ய வேண்டும்: சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி எதையும் வைக்கக் கூடாது. ஆம், கடிவாயில் மிளகாய்ப் பொடி அப்பிக்கொண்டு வருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அன்றே ஊசி போட ஆரம்பியுங்கள், அரசு மருத்துவமனையில் இலவசம். நடுவில் நிறுத்தாதீர்கள்.

கம்பு வாத்தியார்:
நாய்க்கடிக்கு மிளகாய்ப் பொடி வைப்பது விஷம் ஏறாமல் இருக்க. அதைக் கேலி செய்ய வேண்டாம்.

இரவுப்பணி:
கேலி செய்யவில்லை. அழுகிறேன். ரேபிஸ் வந்தபின் பிழைப்பது கிட்டத்தட்ட இல்லை. ஒரு பையனைக் கடைசி இரண்டு நாள் பார்த்துக்கொண்ட பிறகு என்னால் இதில் விட்டுக்கொடுக்க முடியாது. நீங்கள் பொடியை விடவே மாட்டீர்களா? கண்ணுக்கும் பொடி, கடிக்கும் பொடி, சங்க காலத்திலும் பொடி.

பழைய ஏட்டு:
அம்மா சொல்வது நியாயம். ஆனால் ஒன்று. கையில் எது இருந்தாலும் தகவல் போக வேண்டும். 112-ஐ மறந்துவிட்டுத்தான் எல்லோரும் சண்டை போடுகிறீர்கள். பல போன்களில் பவர் பொத்தானை வேகமாக மூன்று முறை அழுத்தினால் அவசர அழைப்பு போகும், பழைய பொத்தான் போனில் 5 அல்லது 9-ஐ அழுத்திப் பிடிக்க வேண்டும். வீட்டில் உட்கார்ந்து உங்கள் போனில் எப்படி என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ரயிலில் 139.

மேலூர் வக்கீல்:
வண்டி வந்து சேரும் நேரத்தையும் சொல்லிவிடுங்கள் ஏட்டையா.

பழைய ஏட்டு:
முதலில் நீங்கள் கட்சிக்காரரிடம் வாங்கும் கட்டணத்துக்கு ரசீது கொடுக்கப் பழகுங்கள், அப்புறம் வண்டி நேரம் பேசலாம்.

முண்டுமிளகாய்:
ஒரு விஷயம் விட்டுப்போனது. காரத்தை அளக்கும் ஸ்கோவில் அளவில் குண்டூர் சன்னம் 35,000-லிருந்து 40,000. சுத்தமான கேப்சைசின் 1.6 கோடி. ஸ்பிரேயில் அது ஒரு சதவீதம் இருந்தாலே பொடியைவிடப் பல மடங்கு. இதற்கு மேல் இரண்டும் ஒன்று என்று சொல்ல என்ன இருக்கிறது?

கம்பு வாத்தியார்:
எண்ணை வைத்துச் சண்டை போட முடியாது தம்பி. எங்கள் களத்துக்கு வாருங்கள். ஒரு பக்கம் அந்த அம்மா ஸ்பிரேயோடு நிற்கட்டும், ஒரு பக்கம் என் மாணவி பொட்டலத்தோடு நிற்கட்டும். ஆடி பிறக்கட்டும். பார்த்துவிடலாம்.

இரவுப்பணி:
வருகிறேன். தண்ணீர் நிரப்பிய பயிற்சி டப்பா கிடைக்கிறது, அதைக் கொண்டுவருகிறேன். உங்கள் மாணவியின் பொட்டலத்தில் மைதா வையுங்கள், பொடி வேண்டாம். அந்தப் பெண்ணின் கண்ணையும் நான்தான் அலச வேண்டியிருக்கும். அதோடு உங்கள் பழைய பதிவில் சுண்ணாம்பு வரியை நீக்கிவிட்டு வாருங்கள். இன்னும் அப்படியே இருக்கிறது.

கம்பு வாத்தியார்:
பதிவை நீக்க மாட்டேன். அறுபது இப்போது எழுபத்திரண்டு ஆகியிருக்கிறது.

29சி:
நாளை காலை எட்டரைக்கு யாராவது பேருந்தில் என்னோடு வந்து பார்க்கிறீர்களா? ஒருவரும் வர மாட்டீர்கள். தெரியும்.

இரவுப்பணி:
இன்று எனக்கு இரவுப் பணி. மதிற்சுவர் விளக்கு இன்னும் எரியவில்லை, பஞ்சாயத்தில் மூன்று முறை எழுதிக் கொடுத்தாயிற்று. டப்பா கையில் இருக்கிறது. சுண்ணாம்பு வரியை யாரெல்லாம் படித்தீர்களோ, வீட்டுப் பெண்களிடம் செய்யாதே என்று சொல்லிவிடுங்கள். காலையில் வந்து மீதியை எழுதுகிறேன்.

கம்பு வாத்தியார்:
காலையில் வரும்போது காற்றுக்குப் பதிலோடு வாருங்கள்.